குசும்பு எழுத்தில் ஒரு டீ

அந்த மாதம் மதுரையில் டீ குடிக்கப் போனவர்கள் யாரும் போனபடியே திரும்பி வரவில்லை.

டவுன் பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடை போர்டை அண்ணாந்து பார்த்தவர், என்ன நினைத்தாரோ, மனைவிக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா தங்கம்?" என்று கேட்டார். கல்யாணமான நாள்முதல் அப்படியொரு வார்த்தையைக் கேட்டிராத அந்த அம்மாள், மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அலறியடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து டிப்போவுக்கே வந்துவிட்டார். பேங்க் மேனேஜர் ஒருவர் உளுந்த வடையைப் பேப்பரில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற ஆடிட்டர் அம்மாவிடம், "உங்க கண்ணு ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்று சொல்லி மெமோ வாங்கினார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்த போட்டோ ஊரெல்லாம் சுற்றியது. இரண்டு கட்சியிலும் விசாரணை வைத்தார்கள்.

தப்பு டீயில் இல்லை. டீக்கடை போர்டில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், போர்டில் இருந்த 'டீ' என்ற ஒரே ஓர் எழுத்தில்.

கடை போர்டுகள் எல்லாம் ஒளித்தாளுக்கு மாறிவிட்ட காலம் அது. பெயின்ட் கிடையாது, ஃபிளெக்ஸ் கிடையாது. ஆபீஸில் உட்கார்ந்து ஓர் எழுத்தை மாற்றினால் ஊரிலுள்ள போர்டெல்லாம் மாறிவிடும். அவற்றில் பாதிக்கு மேல் 'குசும்பு' என்ற எழுத்துருதான். தடித்த மார்க்கரில் கையால் எழுதியது மாதிரி, குண்டு குண்டாக, ஒன்று சாய்ந்து ஒன்று நிமிர்ந்து, பக்கத்து எழுத்தின் இடுப்பைக் கிள்ளப் போகிற மாதிரியே நிற்கும். பஞ்சர் கடையோ பாத்திரக் கடையோ, அந்த எழுத்தில் போர்டு வைத்தால் போகிற வருகிறவர் எல்லாம் ஒரு சிரிப்போடுதான் தாண்டிப் போவார்கள். சும்மா சொல்லக் கூடாது, மதுரை அதற்கு முன் அவ்வளவு சிரித்ததில்லை.

அந்த எழுத்துருவைச் செய்தது 'எழுத்தாலை' என்ற கம்பெனி. அங்கே பதிவுப் பொறியாளர் மீனலோசனி. லோசனி கருவி சொன்னால் நம்புவாள். மனிதர் சொன்னால் கருவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்புவாள். சிரிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் இடம், பொருள், ஏவல் எல்லாம் பார்த்துத்தான் சிரிப்பாள், அது மூன்றும் ஒன்றாகக் கூடி வருவது அபூர்வம்.

அப்பேர்ப்பட்டவள்தான் அந்தக் கையைக் கண்டுபிடித்தாள் என்பது வேடிக்கை. ஒருநாள் அவள் வந்த பஸ் ரயில்வே காலனி மைதானத்துக்குப் பக்கத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. உள்ளே கபடி மேட்ச். ஸ்கோர் போர்டில் ஓர் ஆள் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தான். பாயின்ட் மட்டும் எழுதினால் பரவாயில்லை. ஓரத்தில், 'ரைடு போன தம்பியைக் காணவில்லை, கண்டவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் சேர்க்கவும்' என்று குண்டு குண்டாக எழுதினான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த லோசனியின் உதடு தானாக விரிந்தது. விரிந்ததைக் கவனித்ததும் அவளுக்குத் திடுக்கென்றது. இறங்கிப் போய், அந்தக் கையை எழுத்தாலைக்குக் கேட்டு வாங்கிவிட்டாள். அவன் பெயர் சுருளிவேல். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன். பகலில் மோட்டார் மெக்கானிக், சாயங்காலம் ஸ்கோர் போர்டு.

இப்போது அந்த எழுத்துருவுக்குத்தான் ஆபத்து. எழுத்தாலை முதலாளி பாக்கியநாதன், எழுத்துருக்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆணையத்தின் நோட்டீஸை மேசையில் போட்டார்.

"மாசம் முடியறதுக்குள்ள அந்த எழுத்தைச் சரி பண்ணணுமாம். இல்லன்னா குசும்பையே மொத்தமா திரும்ப வாங்கணுமாம். வாங்கினா கம்பெனியும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டே. சிரிக்க வைக்கத்தான் லைசென்ஸ் குடுத்தோம், காதலிக்க வைக்க யாரு குடுத்தாங்கன்னு கேக்குறாய்ங்க."

"டீக்கடையில மட்டும் 'தேநீர்'னு போட்டுக்கச் சொல்லலாமே சார்?"

"சொன்னேனே! நம்ம வாசல்ல கடை வச்சிருக்காரே ஒச்சப்பண்ணே, அவருதான சங்கத் தலைவரு. 'தேநீர்னு எழுதினா எவன்யா உள்ள வருவான், கவியரங்கம் நடக்குதுன்னு நெனச்சு ஓடிருவாய்ங்க'ங்குறாரு. அது போக, யாவாரம் இப்பத்தான் அள்ளுது, கை வைக்காதீங்கங்குறாரு."

முதலில் ஆபீஸிலேயே சோதித்துப் பார்த்தார்கள். மனசில் எழுகிற உணர்ச்சியை அளக்கிற மனமானியை லோசனி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டி, வழக்கம்போல் பூஜ்யம் வைத்துவிட்டு, திரையில் 'டீ'யைக் காட்டினாள். முள் எகிறியது, கருவி கூவியது. கணக்குப்பிள்ளை வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பாக்கியநாதனுக்குக் கட்டியபோது அவர் கண் கலங்கி, "எங்க வீட்டம்மாவுக்கு மல்லி வாங்கிக் குடுத்து வருஷமாச்சு" என்றார். கடைசியாக லோசனி தனக்கே கட்டிக்கொண்டு பூஜ்யம் வைத்தாள். திரையில் 'டீ'. முள் அசையவே இல்லை. மறுபடி பார்த்தாள். கோடு வாய்க்கால் தண்ணீர் மாதிரி சமமாகப் போனது.

"ஒனக்கு உடம்புல ரத்தம்தான ஓடுது?" என்றார் பாக்கியநாதன். "சரி, அதுவும் நல்லதுக்குத்தான். ஒன்னைத்தான் இது ஒண்ணும் செய்யலை. நீயே பாத்து முடி."

லோசனிக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது. பாவம்.

அன்று மாலையே எஸ்தர் வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி உடுப்போடு வந்து உட்கார்ந்து, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், நானும் ஞானதீபனும் ஒச்சப்பன் கடை போர்டுக்குக் கீழதான் பேசிக்கிட்டோம். அவன் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஒரே ஆஸ்பத்திரிதான், முன்னாடி நிமிர்ந்து பாத்ததுகூட இல்ல. இப்ப கல்யாண ஓலை வாசிக்க சர்ச்சுல சொல்லியாச்சு. திடீர்னு எல்லாரும் போர்டு, போர்டுங்கிறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது என் மனசா, உங்க போர்டா?"

லோசனிக்கு மனசைப் பற்றிப் பேச வராது. கருவியைப் பற்றிப் பேச வரும்.

"கையெழுத்தைப் படிக்கிறப்போ நம்ம கையும் உள்ளுக்குள்ள லேசா அதை எழுதிப் பாக்கும்மா. நமக்கே தெரியாது. எழுதினவரு எந்த மனசோட எழுதினாரோ, அதுவும் கொஞ்சம் கூடவே ஒட்டிக்கும். நாங்க மார்க்கரோட அழுத்தம், தயக்கம், வேகம் எல்லாத்தையும் அப்படியே பிடிச்சு, ஒட்டுறதை மட்டும் பெருசாக்குறோம். சுருளிவேல் சந்தோஷமா எழுதினாரு. ஊரு சந்தோஷப்படுது. அவ்வளவுதான்."

"அப்ப அந்த ஓர் எழுத்தை எழுதறப்போ அவரு மனசுல சந்தோஷம் மட்டும் இல்ல."

"அப்படித்தான் தெரியுது."

"கேக்காம கொள்ளாம ஒருத்தர் மனசுக்குள்ள கையை விடுறது தப்பில்லையா மேடம்? ஊசி போடறதுக்கே நாங்க கையெழுத்து வாங்குறோம்."

லோசனி தலை குனிந்தாள். தப்புதான். அதுவும் அவளுடைய தப்பு. ஒவ்வோர் எழுத்தையும் சுருளிவேல் மூன்று தடவை எழுதினான். அதில் எதை எடுப்பது என்று முடிவு செய்தவள் அவள்தான்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். எழுதுகிறவனின் மனநிலை கெடக் கூடாது என்று அவன் அடித்த ஜோக்குகளுக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் 'டீ' வந்தது. மூன்றாவது தடவை எழுதப்போனவன் மைக்கில், "காலையிலேர்ந்து எழுதுறேன் மேடம். இந்த ஒரு எழுத்தையாவது கண்ணுல மட்டும் காட்டாம கையில குடுக்க மாட்டீங்களா?" என்றான். அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து லோசனிக்கு வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. மேசையில் தலை சாய்த்துச் சிரித்தாள். அவன் இவளையே பார்த்துக்கொண்டு எழுதி முடித்தான். அப்புறம் அவளே ஓடிப்போய் ஒச்சப்பன் கடையில் டீ வாங்கிவந்து கொடுத்தாள். சாயங்காலம் பதிவுகளைப் பார்த்தபோது, அந்த மூன்றாவது 'டீ'க்குத்தான் மகிழ்ச்சி முள் உச்சியைத் தொட்டிருந்தது. உச்சியைத் தொட்டதை எடுக்காமல் வேறெதை எடுப்பாள்? மற்ற இரண்டையும் சட்டப்படி அழித்தாயிற்று. ஒருவரின் மனசுப் பதிவை மிச்சம் வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்றைக்குப் பிறகு ஒரு சின்ன மாற்றம். வீட்டுக்குப் போக லோசனி மைதானத்தைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏற ஆரம்பித்தாள். அதில்தான் கூட்டம் குறைவு என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அந்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் கேட்டிருந்தால் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

"சரி பண்ணினதுக்கு அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் இது போயிருமா?" என்று எஸ்தர் எழுந்துகொண்டே கேட்டாள்.

"தெரியலைம்மா" என்றாள் லோசனி. அந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சுருளிவேலை வரவழைத்தார்கள். கிரீஸ் போகக் கையைக் கழுவிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். ஊரே பட்ட பாட்டைக் கேட்டு, "என் கையா மேடம் இவ்வளவு வேலை பாத்துச்சு?" என்று சிரித்தான். ஆனால் லோசனியின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சிரித்தான்.

எழுதினான். பாக்கியநாதன் மணிக்கட்டில் மனமானி கூவியது. மறுபடி எழுதினான். கூவியது. "உங்க டீம் ஜெயிச்சதை நெனச்சுக்கங்க" என்றாள் லோசனி மைக்கில். ஜெயித்ததை நினைத்துக்கொண்டு எழுதினான். கூவல் இன்னும் அதிகமானது. மார்க்கரை மாற்றினாள், நாற்காலியை மாற்றினாள், விளக்கைக் குறைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பாக்கியநாதனுக்கு மட்டும் மல்லிகைப் பூவுக்கு மேல் மல்லிகைப் பூவாக ஞாபகம் வந்து உட்கார முடியவில்லை.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இந்தப் பக்கத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் நாலு கல்யாணம் பேசி முடித்த மனுஷர்.

"லோசனி, நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வா."

"நான் எதுக்கு சார் வெளிய?"

"போம்மா. ஒரு டீ குடி."

முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. புது 'டீ' திரையில் நின்றது. குண்டாக, சாய்ந்து, பக்கத்தில் எவனாவது வந்தால் கிள்ளிவிடுகிற குசும்போடு. பாக்கியநாதனின் முள் சிரிப்பு அளவில் நின்றது, அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை.

"எப்படி சார்?"

அவர் பழைய 'டீ', புது 'டீ' இரண்டின் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அதே கை. அதே மார்க்கர். அதே எழுத்து. ரூமுல ஒண்ணே ஒண்ணுதான் மாறுச்சு. என்னன்னு சொல்லு பாப்போம்."

லோசனி யோசித்தாள். "ஏசியா?"

பாக்கியநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சுருளி, நீயே சொல்லிருப்பா. என்னால முடியலை."

சுருளிவேல் எழுந்து நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க அன்னிக்கி சிரிச்சீங்கல்ல மேடம். அதுலேர்ந்துதான்."

புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. "அப்ப ஊர்ல இருக்கிற டீக்கடையில எல்லாம் என்னைப் பத்தியா எழுதி வச்சிருக்கீங்க?"

"நான் எழுதலீங்க, கை எழுதிருச்சு. மூணுல அதை எடுத்தது யாரு? நான் வேணாம்னுதான் ரெண்டாவதைச் சொன்னேன்."

சொன்னான்தான். அவள்தான் கருவி சொல்வதைக் கேட்டாள்.

"நல்லாத்தான் கேக்குறே" என்று பாக்கியநாதன் நடுவில் புகுந்தார். "ஆனா ஒண்ணு சொல்லிர்றேன் சுருளி. ஊரே மயங்குன அந்த எழுத்துக்கு இந்தப் பிள்ளைக்கு மட்டும் முள் அசையலை. நானே பாத்தேன். கோடு தட்டையாப் போச்சு."

சுருளிவேலின் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது. "மிஷின் பொய் சொல்லாதுல்ல மேடம்?"

"சொல்லாது" என்றாள் லோசனி. அவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

"சரிங்க. மன்னிச்சுக்கங்க. இனிமே மைதானத்துப் பக்கம் வந்தீங்கன்னா நான் பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருப்பேன். தொந்தரவு இருக்காது." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். லோசனிக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட புளியோதரை என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் விடிந்தபோது ஊரிலுள்ள போர்டெல்லாம் மாறியிருந்தது. கட்சிக்காரர்கள் பெஞ்சின் இரண்டு முனைக்குப் போனார்கள். போர்டுக்குக் கீழே உண்டான ஜோடிகளில் சில பேர் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்கிற நிலைமைக்கு வந்து, கை கூப்பிப் பிரிந்தார்கள். ஒரு பெண் எழுத்தாலைக்குப் போன் பண்ணி அழுதாள். லோசனி போனை வைக்காமல் முழுசாகக் கேட்டாள். பஸ் டிரைவர் வீட்டில் மட்டும், "போர்டு மாறுனா என்ன, கேட்டுப் பழகிட்டேன், தினம் கேக்கணும்" என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

எஸ்தர் ஞானதீபனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒச்சப்பன் கடையில் டீ குடித்துவிட்டு நேரே வருகிறார்கள்.

"போர்டைப் பாத்தா முன்ன மாதிரி திக்குன்னு ஆகலை மேடம்" என்றாள். லோசனி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எஸ்தர் சிரித்தாள். "ஆனா எனக்கு டீயில ஆடை ஆகாது. இவன் எப்பவும் முதல்ல என் கிளாஸை வாங்கி, ஆடையை ஊதி ஒதுக்கிட்டுத்தான் குடுப்பான். இன்னிக்கும் ஒதுக்கினான். போர்டைக்கூட அவன் பாக்கலை. போதும், இது என்னோடதுதான்."

லோசனிக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பதில், "எதுக்கும் ஒரு தடவை அளந்து பாத்திரலாமா?" என்று மனமானியை எடுத்தாள். எஸ்தர் மணிக்கட்டில் கட்டி, பட்டனை அமுக்கினாள்.

"எதுக்கு மேடம் முதல்ல இதை அமுக்குறீங்க?"

"பூஜ்யம் வைக்கிறேன். எண்ணெய்க் கடையில காலிப் பாத்திரத்தைத் தராசுல வச்சு, அந்த எடையைக் கழிச்சிட்டுத்தான ஊத்துவாங்க? அது மாதிரி. ஏற்கெனவே இருக்கிற மனசைக் கழிச்சிட்டு, புதுசா என்ன வருதுன்னு மட்டும் பாப்போம்."

"அப்ப பாத்திரத்துக்குள்ள முன்னாடியே எண்ணெய் ரொம்பி இருந்தா?"

லோசனியின் கை அப்படியே நின்றது.

"கழிஞ்சு போயிரும்" என்றாள் மெதுவாக. "மேல ஊத்தினாலும் நிக்காது. முள் அசையாது." அப்புறம், "அட லூசு" என்றாள். எஸ்தர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உன்னை இல்லம்மா!" என்று கத்திக்கொண்டே லோசனி மனமானியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே தங்கிவிட்டது.

மைதானத்துக்கா, ஒர்க்ஷாப்புக்கா என்று தெருவில் நின்று தவித்தவளுக்கு அலைச்சல் மிச்சம். சுருளிவேல் ஒச்சப்பன் கடையில்தான் உட்கார்ந்திருந்தான். புதுப் போர்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவன், பார்த்த பிறகும் போகாமல் ஆறிப்போன டீயைக் கையில் வைத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க" என்றாள் அவள். "ஒச்சப்பண்ணே, கையைக் காட்டுங்க."

"என்னா தாயி, சுகர் டெஸ்ட்டா?" பால் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு அவர் கையை நீட்டினார்.

"இல்லண்ணே. உங்க மனசு எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். இப்ப என்ன நெனைக்கிறீங்க?"

"என்னத்த நெனைக்க? பால்காரன் தண்ணி ஊத்திட்டான்னு நெனைக்கிறேன்."

"அது போதும்." அவர் மனசுக்குப் பூஜ்யம் வைத்தாள். முள் கீழே வந்து நின்றது. கழற்றித் தன் மணிக்கட்டில் கட்டினாள். பட்டனைத் தொடவில்லை. அவசரத்தில் வார் இரண்டு தடவை நழுவியது.

கருவி வீரிட்டது. முள் உச்சிக்குப் போய் முட்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் துடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கிளாஸும் கையுமாகத் திரும்பினார்கள். சாலையில் ஓர் ஆட்டோ நின்றது.

"மிஷின் பொய் சொல்லலைங்க" என்றாள் லோசனி. மூச்சு வாங்கியது. "நான்தான் தப்பாக் கட்டிக்கிட்டேன். அன்னிலேர்ந்தே ரொம்பி இருந்திருக்கு. கழிச்சுக் கழிச்சுப் பாத்தா எப்படித் தெரியும்?"

சுருளிவேல் முள்ளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் தூசியுமாக நின்றவளைப் பார்த்து, "அதான் தினம் மைதானத்து பஸ் ஜன்னல்ல தெரிஞ்சீங்களா?" என்றான்.

"அதுல கூட்டம் கம்மி" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே கேட்டு, லோசனி வெடித்துச் சிரித்தாள். அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தாளே, அதே சிரிப்பு. இப்போது நடுவில் கண்ணாடி இல்லை.

"ஏத்தா, அதை நிப்பாட்டு ஆத்தா, காது போகுது!" என்று ஒச்சப்பன் கத்தினார். யாரும் நிறுத்தவில்லை. அவரும் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பை மறந்துவிட்டார். சட்டியில் பால் உப்பி, நுரைத்து, விளிம்பு தாண்டிப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஒரு சொட்டு சிந்தினாலே ஊரைத் திட்டுகிற மனுஷர், அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பொங்கி முடியட்டும் என்று சும்மா நின்றார்.